கையை எடுத்த பிறகு

மேடவாக்கம்
4 மார்ச் 2025, செவ்வாய்

ரூக்சாருக்கு,

போன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறாய். பேசினால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன், எழுதினால் அடித்துத் திருத்தலாம். பாலு அண்ணன் செவ்வாயும் வெள்ளியும் உங்கள் கம்பெனி வேனில் எப்படியும் இந்தப் பக்கம் வருகிறார். மோட்டார் நாற்காலியின் கன்ட்ரோல் பெட்டியைக் கழற்றி, அதோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் சோதனைத் தாளில் 'குறைகள்' என்று போட்டு மூன்றே கோடு விட்டிருக்கிறீர்கள். இந்தத் தடவை எனக்கு அது போதாது.

நடந்தது இதுதான். ஞாயிறு காலை ஏழரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. நான் பம்ப் ரூமுக்குப் போகிற சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் ஓஸ் குழாயை வழியில் இழுத்துப் போட்டிருந்தார். நிற்கலாம் என்று நாற்காலியை ஓட்டுகிற குச்சியிலிருந்து கையை எடுத்தேன். எடுத்துவிட்டேன், ரூக்சார். நாற்காலி நிற்கவில்லை. ஒன்றரை டைல்ஸ் தூரம் அதுபாட்டுக்குப் போய், ஓஸ் மேல் ஏறி, என்னை ஓரத்தில் கவிழ்த்துவிட்டது. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கைத் தோல் போய்விட்டது. தொண்ணூற்றாறு வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் பால்கனியில் நின்று பார்த்தார்கள். அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது.

ஒன்றரை வருஷமாக உங்கள் மோட்டார் நாற்காலியை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு தடவையாவது இல்லாததைச் சொன்னேனா? ஜனவரியில் நீ அந்தக் கெர்னல் என்னவோ போட்ட பிறகு வண்டி எவ்வளவு நன்றாக ஆனது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் கேட்கிறேன். உள்ளே என்ன ஆனது என்று பார்த்துச் சொல்.

பெட்டி உன்னிடம் இருக்கிற வரைக்கும் நான் பழைய தள்ளு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். யாராவது தள்ளினால்தான் நகர முடியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு சீக்கிரம் அனுப்பு.

தையல்நாயகி


அஸ்தினாபுரம்
7 மார்ச் 2025, வெள்ளி

மதிப்புக்குரிய தையல்நாயகி அவர்களுக்கு,

உங்களுக்கு அடிபட்டதற்கு மிகவும் வருந்துகிறேன். பெட்டியை முழுமையாகச் சோதித்தேன். போர்டில் எந்தப் பழுதும் இல்லை, ஒயர்களும் உறுதியாக இருக்கின்றன.

நாற்காலிக்குள் நடப்பதெல்லாம் நேரத்தோடு ஒரு நினைவகத்தில் பதிவாகிறது. அந்தப் பதிவைப் பார்த்தேன். ஞாயிறு காலை 7 மணி 34 நிமிடத்தில், நீங்கள் விழுவதற்கு முந்தைய முக்கால் நொடியிலும் குச்சி முன்பக்கமாகத் தள்ளப்பட்டே இருந்திருக்கிறது. கை எடுத்ததற்கான அடையாளம் பதிவில் இல்லை.

கெர்னலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பு உள்ளே இருந்த பிராசஸர் எல்லா வேலையையும் ஒன்றன் பின் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தது. குச்சியைப் பார்க்கும், மோட்டாரைத் திருப்பும், பேட்டரிப் படத்தை வரையும், போனுக்குச் செய்தி அனுப்பும், மறுபடி குச்சிக்கு வரும். ஒன்று தாமதித்தால் எல்லாம் தாமதம். அதற்காகத்தான் கெர்னல். அது ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, யார் முக்கியமோ அவருக்கு முதலில் நேரம் கொடுக்கும். குச்சியைப் பார்ப்பதற்குத்தான் முதல் இடம் கொடுத்திருக்கிறேன். நொடிக்கு நூறு தடவை பார்க்கிறது. அதைத் தாண்டி வேறு எதுவும் குறுக்கே வர முடியாது.

எனவே பதற்றத்தில் உங்களை அறியாமல் கை குச்சியை அழுத்தியிருக்கலாம் என்று கருதுகிறேன். சௌகத் அலி சாருக்கு அனுப்பிய அறிக்கையிலும் 'இயக்குபவர் தவறு' என்றே குறிப்பிட்டிருக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியை இத்துடன் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ரூக்சார்


மேடவாக்கம்
11 மார்ச் 2025, செவ்வாய்

மதிப்புக்குரிய ரூக்சார் மேடத்துக்கு,

ஒரே வாரத்தில் அக்கா போய் 'அவர்கள்' ஆகிவிட்டேன். சந்தோஷம்.

உன் முதலாளி நேற்றுப் போன் செய்தார். சௌகத் அலி சார் நல்ல மனுஷன், பாவம், சுற்றி வளைத்துத்தான் பேசினார். என் நாற்காலியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்களாம். சித்திரை பிறந்ததும் இருபது பேருக்குப் புது நாற்காலி கொடுக்கப் போகிறார்களே, அதற்கு முன்னால் கையில் பலம் உள்ள வேறு ஆளை வைத்துச் சோதிக்கப் போகிறார்களாம். அப்போது இந்த நாற்காலி என்னிடமிருந்து போய்விடும். "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார். என் நல்லதுக்கு என்று சொல்லித்தான் என்னை ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்தினார்கள்.

போலியோ வந்தது காலில். கையில் ஒன்றும் இல்லை. இந்தக் கையை வைத்துத்தான் முப்பது வருஷமாகத் தரையிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் என்னையே தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எது பிடித்திருக்கிறது, எது விட்டது என்று என் கைக்குத் தெரியாதா?

இந்த அப்பார்ட்மெண்டில் தண்ணீர் பொறுப்பு எனக்கு. எந்த லாரி எப்போது வர வேண்டும், எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, எல்லாம் நான்தான் பார்க்கிறேன். நாற்காலி வருவதற்கு முன்னால் அதை வீட்டில் உட்கார்ந்து போனில் செய்தேன். அவர்கள் சொன்னதை நம்ப வேண்டியதுதான். இப்போது நானே போய் மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்க்கிறேன். வேகத்தைக் குறைத்தால் கூடப் பரவாயில்லை. நாற்காலி போனால் மறுபடி யாராவது தள்ள வேண்டும்.

உன்மேல் கோபம் ஏன் இவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். ஜனவரியில் நீ அந்தப் போர்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாய். இரண்டு சின்ன விளக்கு, ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் எரிந்து எரிந்து அணைந்தது. "பாருங்கக்கா, ரெண்டும் ஒரே சிப்புதான், ஆனா ஒருத்தர ஒருத்தர் தொந்தரவு பண்ணல" என்று சொன்னபோது உன் கண் கலங்கியிருந்தது. இரண்டு மாசம் அதற்காக மாய்ந்திருக்கிறாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் இந்தப் பெண் செய்கிற பொருளில் நம்பி உட்காரலாம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

இந்தத் தடவை பெட்டியைக் கொடுக்க மாட்டேன். பாலு அண்ணன் வெறுங்கையோடு வருவார், அவரைத் திட்டாதே. எனக்கு அது வேண்டும்.

தையல்நாயகி


அஸ்தினாபுரம்
14 மார்ச் 2025, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

'அவர்கள்' என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். பயந்தால் எனக்கு அலுவலகத் தமிழ் வந்துவிடும்.

உங்கள் கடிதத்தை நோன்பு திறந்த பிறகு படிக்கலாம் என்று வைத்திருந்தேன், பொறுக்க முடியாமல் மத்தியானமே படித்துவிட்டேன். அதற்கப்புறம் வேறு வேலை ஓடவில்லை. என்னிடம் உங்கள் பெட்டியைப் போலவே இன்னொரு போர்டு இருக்கிறது. அதன் குச்சியில் ஒரு சின்ன மோட்டாரைக் கட்டி, தள்ளுவதும் விடுவதுமாக ஓட விட்டேன். மூன்று நாளில் பதினோராயிரம் தடவை விட்டிருக்கிறது. பதினோராயிரம் தடவையும் நாற்காலி நின்றிருக்கும். ஒன்றில்கூட ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் இல்லை.

உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆனால் பதிவையும் நான் நினைத்தபடி மாற்ற முடியாது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பதுதான் என் பிரச்சினை. நீங்கள் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 'தோன்றுகிறது' என்று சாரிடம் அறிக்கை கொடுக்க முடியாது.

ஒரு உதவி கேட்கிறேன். நாற்காலி நிற்காமல் போனது அந்த ஒரு தடவைதானா, அதற்கு முன்னும் கொஞ்சமாவது நடந்திருக்கிறதா? அப்போது பேட்டரி எவ்வளவு இருந்தது, போன் எங்கே இருந்தது, திரையில் என்ன தெரிந்தது என்று ஞாபகம் இருக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். முக்கியமில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதையும் எழுதுங்கள். பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சரிவுப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

ரூக்சார்


மேடவாக்கம்
21 மார்ச் 2025, வெள்ளி

ரூக்சாருக்கு,

செவ்வாய்க்கிழமையே எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்று பின்னால் சொல்கிறேன்.

நீ கேட்டதற்கு ஞாபகம் மட்டும் போதாது என்று ஓட்டியே பார்த்துவிட்டேன். கார் நிறுத்துகிற இடத்தில் தரை சமமாக இருக்கும். எதிர் வீட்டு குல்ஷனைக் கூப்பிட்டு சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னேன். கோட்டுக்கு வரும்போது கையை எடுத்து மேலே தூக்க வேண்டும். நாற்காலி எங்கே நிற்கிறதோ அங்கே அவள் இன்னொரு கோடு போட்டு நேரத்தை எழுதுவாள். நான் கையை எடுத்ததை அவள் பார்க்க வேண்டும், அதற்குத்தான் அவள். ஆறு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ஓட்டினோம். இருநூற்று ஒன்பது தடவை ஒரு சாணுக்குள் நின்றுவிட்டது. மூன்று தடவை நிற்கவில்லை. ஒன்று ஒரு டைல்ஸ், ஒன்று ஒன்றேகால், ஒன்று ஒன்றரைக்கு மேல். தாளை இணைத்திருக்கிறேன். குல்ஷன் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

மூன்று தடவையும் என்ன நடந்தது தெரியுமா? திரையில் பேட்டரிப் படத்தில் ஒரு கட்டை குறைந்தது. அதே சமயம் மடியில் இருந்த போன் 'டிங்' என்றது. நாற்காலி தன் கணக்கைப் போனுக்கு அனுப்புமே, அந்த டிங். கட்டை மட்டும் குறைந்தபோது ஒழுங்காக நின்றது. டிங் மட்டும் வந்தபோதும் நின்றது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ஓடுகிறது. தண்ணீர் லாரி குரூப்புக்காகப் போன் எப்போதும் என் மடியில்தான் இருக்கும், உனக்குத் தெரியும்.

இப்போது தாமதத்துக்குக் காரணம். செவ்வாய் காலை எங்கள் வாட்ச்மேன் கதிரேசனோடு மல்லுக்கட்டினேன். பம்ப் ரூமுக்கு ஒரே சாவி. அவன் அதை வாங்கிக்கொண்டு போய் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தான். தொட்டி மூடியைத் திறந்து வைத்திருந்தான், அதை மூடாமல் யாரையும் உள்ளே விட முடியாது. லாரி வந்துவிட்டது. பத்து நிமிஷம் பார்ப்பார்கள், அப்புறம் அடுத்த அப்பார்ட்மெண்டுக்குப் போய்விடுவார்கள். இவன் பெருக்கி முடித்தானா என்றால் இல்லை. மூன்றாம் மாடிக்காரர் பார்சல் வாங்கக் கூப்பிட்டார், போனான். இன்னொருவர் காரை எடுக்கக் கேட்டைத் திறக்கச் சொன்னார், போனான். கேபிள்காரர் ஏணியைப் பிடிக்கச் சொன்னார், அதற்கும் போனான். சாவி அவன் இடுப்பில், மூடி திறந்தபடி, லாரி வாசலில். தொண்ணூற்றாறு வீட்டுத் தண்ணீர் ஒரு துடைப்பத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. லாரி போயே போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே குரூப்பில் ஒரு சட்டம் போட்டேன். லாரி வாசலுக்கு வந்துவிட்டால், சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அப்போதைக்கு லாரி. அவர் கையிலிருக்கும் வேலையை முடித்துச் சாவியைக் கொடுக்கிற வரை, செகரட்டரியே கூப்பிட்டாலும் அவர் போகக் கூடாது, யாரும் கூப்பிடவும் கூடாது. சாவி கைமாறியதும் அவர் பழையபடி வாட்ச்மேன்.

"இன்னாக்கா, தொடப்பத்த வச்சிகினு நிக்கற நான் லாரியா?" என்றான் கதிரேசன்.

"சாவி உன் இடுப்புல கீற வரைக்கும் நீதாண்டா லாரி" என்றேன். வியாழக்கிழமை வந்த லாரிக்கு நாலே நிமிஷத்தில் சாவி கிடைத்தது.

கடைசியாக ஒன்று. இதைக் குல்ஷனிடம் கூடச் சொல்லவில்லை. உன் அறிக்கை வந்த நாளிலிருந்து குச்சியைத் தொடும்போதெல்லாம் நான் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்தேனா, எடுத்தேனா என்று. வழியைப் பார்ப்பதில்லை. ஒருவேளை நான்தான் அழுத்தினேனோ என்று இரண்டு மூன்று நாள் உண்மையாகவே நினைத்தேன். விழுந்தது ஒரு தடவை வலித்தது. இது தினமும் வலிக்கிறது.

தையல்நாயகி


அஸ்தினாபுரம்
25 மார்ச் 2025, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கையை எடுத்தீர்கள். 2 மார்ச் காலை 7 மணி 34 நிமிடத்தில் நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தேன்.

உங்கள் தாளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். எட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். மறைமலை நகரில் பெரிய தொழிற்சாலைக்காரர்கள் கொடுத்த சோதனைத் தாளெல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கட்டை மட்டும், டிங் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கே தோன்றவில்லை. கடிதத்தில் இருந்த கதிரேசன் கதையைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அது என் கெர்னலின் கதை.

குச்சியும் திரையும் பிராசஸரோடு பேச ஒரே கம்பியைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். அதற்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. பேட்டரிப் படம் வரைவதுதான் இருக்கிற வேலைகளிலேயே கடைசி இடம். அதுதான் உங்கள் துடைப்பம். கட்டை குறையும்போது அது சாவியை எடுத்துக்கொண்டு படம் வரையத் தொடங்குகிறது. பாதி வரையும்போது போனுக்குக் கணக்கு அனுப்பும் நேரம் வந்தால், அந்த வேலை படத்தை விட முக்கியம் என்பதால் கெர்னல் படத்தை நிறுத்திவிட்டு அதை ஓட விடுகிறது. பார்சல், கேட், ஏணி. இப்போது குச்சி வந்து நிற்கிறது. எல்லோரையும் விடப் பெரியவர், உங்கள் லாரி. ஆனால் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவருக்கு வேலையை முடிக்க நேரமும் இல்லை. போன் வேலை முடியும் வரை முக்கால் நொடி எல்லோரும் நிற்கிறார்கள். நாற்காலி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

நீங்கள் போட்ட சட்டம் கெர்னலிலேயே இருக்கிறது, அக்கா. முக்கியமானவர் காத்திருந்தால், சாவி வைத்திருப்பவருக்கு அந்த முக்கியத்துவத்தைத் தற்காலிகமாகக் கொடுக்கிற ஒரு வகைப் பூட்டு. நான் எடுத்துப் போட்டது அந்தச் சட்டம் இல்லாத வகை. புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த பக்கம். ஜனவரியில் இரண்டு விளக்கும் எரிந்த சந்தோஷத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டேன்.

ஏன் எனக்குப் பதினோராயிரம் தடவையிலும் வரவில்லை என்றால், நான் போர்டை பேட்டரியில் ஓட்டவில்லை. மேசையில் சுவர் கரண்டில் ஓட்டினேன். கட்டை குறையவே இல்லை. போனையும் இணைக்கவில்லை. நேற்று நிஜ பேட்டரியும் போனும் வைத்து ஓட்டினேன். இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்.

பதிவு ஏன் உங்களுக்கு எதிராகச் சொன்னது என்பதுதான் எனக்கு மிகவும் அவமானமானது. பதிவு எழுதும் வேலை 'குச்சி கடைசியாக எங்கே இருந்தது' என்று கேட்கிறது. 'எப்போது பார்த்தாய்' என்று கேட்கவில்லை. முக்கால் நொடிக்கு முந்தைய பழைய நிலையை எடுத்து, அதன் பக்கத்தில் அப்போதைய நேரத்தை எழுதிவிட்டது. மோட்டாரும் அப்படியே நம்பியது. நானும் நம்பினேன். அந்த வேலையை எழுதியது நான்தான். என் பிழையை வைத்தே உங்களைப் பிழை என்று சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள், அக்கா.

பூட்டை மாற்றிவிட்டேன். குச்சியின் நிலை நொடியின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் பழையதாக இருந்தால் மோட்டார் தானாகவே நின்றுவிடும்படியும் செய்திருக்கிறேன். முடிச்சூர் ரோடு ஒர்க்‌ஷாப்புக்கு நேரில் போய் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் உங்கள் தாளை வரி வரியாகப் படித்தார். "இருபது பேர் இதுல உக்காருறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதேம்மா" என்று மட்டும் சொன்னார். நாற்காலி உங்களிடமே இருக்கும். வேகமும் குறையாது.

திருத்திய போர்டோடு புதுப் பெட்டியைப் பாலு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பெருநாள் முடிந்து ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிறு நான் வருகிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டைல்ஸ் தூரத்தில் நான் நிற்கிறேன். நீங்கள் என்னை நோக்கி ஓட்டி வந்து கையை எடுங்கள்.

உங்கள்
ரூக்சார்


மேடவாக்கம்
28 மார்ச் 2025, வெள்ளி

ரூக்சாருக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியைக் குல்ஷனிடம் படித்துக் காட்டினேன். அவள் "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டாள். நான் அதை மறுபடி படித்தேன். எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். வாங்கி வைத்திருக்கிறேன். உடனே பரவாயில்லை என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும், அதனால் எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எத்தனையோ பேர் என்னிடம் தப்பு செய்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து, எப்படிச் செய்தேன் என்று இவ்வளவு விவரமாக எழுதிக் கொடுத்தது நீ ஒருத்திதான். பதினோராயிரம் தடவை நீ குச்சியை விட வைத்தாய் என்று படித்தபோதே என் கோபத்தில் பாதி போய்விட்டது. நம்பாதவர்கள் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

கதிரேசனிடம் அவன் கதை ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்றேன். அவன் ரெண்டு நாளாகச் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிகிறான்.

நீ நாற்காலிக்கு முன்னால் நிற்க வேண்டாம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். உன் காலில் ஏறினால் அப்புறம் யார் அந்த இருபது நாற்காலியை முடிப்பது?

பெருநாளுக்கு என் வாழ்த்து. வீட்டில் எல்லோருக்கும் சொல்.

தையல்நாயகி


அஸ்தினாபுரம்
8 ஏப்ரல் 2025, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

கேனை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நான் நின்றதற்குத் திட்டினீர்கள். இருக்கட்டும். இன்னொருவர் உட்காரப் போகிற பொருளின் முன்னால் நான் நிற்க முடியாது என்றால் அதைக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. அது வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு மணி நேரம் வெயிலில் கட்டை குறைவதற்காகக் காத்திருந்தோமே, அதை மறக்க மாட்டேன். ஐம்பத்திரண்டாவது தடவையில் கட்டை குறைந்தது, போனும் டிங் என்றது. நான் கண்ணை மூடிவிட்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். திறந்தபோது நாற்காலி என் செருப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. குல்ஷன் அக்கா கோடு போட்டு அளந்தார், ஒரு சாண்கூட நகரவில்லை. கதிரேசன் அண்ணன் விசில் அடித்தார். நீங்கள் தாளில் நேரத்தை எழுதினீர்கள். எட்டு வருஷத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் உங்களை மாதிரி ஒருவரைப் பார்த்ததில்லை.

அந்தப் பூட்டு இருக்கும் இடத்தில், அடுத்து வந்து படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். 'மேடவாக்கம் பம்ப் ரூம் சாவி. தையல்நாயகி சொன்னது. இதை மாற்றாதே.' இருபது நாற்காலியிலும் அதுதான் ஓடப் போகிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கையை எடுத்துவிட்டு அதையே பார்த்தீர்கள். நாற்காலி நின்ற பிறகும் பார்த்தீர்கள். நாற்காலியைச் சரிசெய்துவிட்டேன். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. அது நான் ஏற்படுத்திய காயம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ரூக்சார்


மேடவாக்கம்
18 ஏப்ரல் 2025, வெள்ளி

அன்புள்ள ரூக்சாருக்கு,

இருபது பேருக்கும் நாற்காலி கொடுத்தாகிவிட்டது என்று பாலு அண்ணன் சொன்னார். அதில் தாம்பரம் சானடோரியம் பக்கத்திலிருந்து வந்த ஓவியா என்ற பெண், கொடுத்த இடத்திலேயே வட்டம் அடித்து வட்டம் அடித்து இறங்க மாட்டேன் என்றாளாம். அவளிடம் என் நம்பரைக் கொடு. வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் எனக்குச் சொல்லட்டும், எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித் தருகிறேன்.

புதுச் சோதனைத் தாளையும் பார்த்தேன். 'குறைகள்' என்ற இடத்துக்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறீர்கள். 'இயக்குபவர் தவறு' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு 'இயக்குபவர் சொன்னது' என்று போட்டிருக்கிறீர்கள். சௌகத் அலி சாரின் யோசனையா உன்னுடையதா என்று கேட்க மாட்டேன்.

இன்று காலை இரண்டு லாரி ஒன்றாக வந்துவிட்டது. குரூப்பில் ஒரே சத்தம். நான் சரிவில் இறங்கிப் போய், ஓஸுக்கு முன்னால் நின்று, கதிரேசனிடம் சாவி வாங்கிக் கொடுத்து, இரண்டாவது லாரியைப் பின்பக்கத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஆளிடம் சண்டையும் போட்டுவிட்டு மேலே வந்தேன். லிப்டுக்குள் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. போகும்போதும் வரும்போதும் என் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வாங்கி வைத்திருந்த மன்னிப்பை இப்போது எடுத்துக்கொண்டேன். இனிமேல் போன் செய், எடுக்கிறேன்.

உன் அக்கா
தையல்நாயகி